பெல்லாரியில் மண்ணை எண்ணிய கதை

பெங்களூரில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் ஹம்பிக்குப் போகாதவர்கள் குறைவு. ஹொஸ்பேட்டில் ரூம் போட்டு, விட்டலர் கோவில், கல்தேர், துங்கபத்திரா அணை எல்லாம் பார்த்துவிட்டு ஞாயிறு ராத்திரி திரும்பி விடுவோம். ஹொஸ்பேட்டிலிருந்து தெற்கே ஒரு மணி நேரத்தில் சண்டூர் என்று ஒரு ஊர் இருக்கிறது. அந்தப் பக்கம் நம்மில் அதிகம் பேர் போவதில்லை. ஆயிரம் வருடத்துக்கு மேல் பழசான குமாரசுவாமி கோவில் அங்கேதான் இருக்கிறது. நம்ம முருகனேதான்! பக்கத்துக் காட்டில் ஒரு பகுதிக்குப் பெயர்கூட சுவாமிமலை. கோவிலைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். இன்றைக்கு அந்தக் கோவிலைச் சுற்றி இருக்கும் சிவப்பு மலைகளைப் பற்றி. அவற்றை வெட்டி எடுத்தபோது யார் கணக்கு எழுதினார்கள், அந்தக் கணக்கை யார் படித்தார்கள் என்பதைப் பற்றி.

கர்நாடக லோக்ஆயுக்தாவாக இருந்த நீதிபதி சந்தோஷ் ஹெக்டே 2011 ஜூலை 27-ம் தேதி அரசிடம் ஓர் அறிக்கை கொடுத்தார். 2006-க்கும் 2010-க்கும் இடையில் 2 கோடியே 98 லட்சம் டன் இரும்புத் தாது முறையான பர்மிட் இல்லாமல் வெளிநாட்டுக்குப் போயிருக்கிறது, அதனால் 12,228 கோடி ரூபாய் இழப்பு என்றது அந்த அறிக்கை.

நான் தணிக்கை வேலை பார்த்துப் பிழைப்பவன். இப்படி ஒரு எண்ணைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. லாரிக்கு 16 டன் என்று வைத்துக்கொண்டால் இது 18 லட்சத்துக்கும் அதிகமான லோடு. அஞ்சு பவுன் நகையைத் திருடினால் ஒளித்து வைக்கலாம். 18 லட்சம் லாரி லோடை எங்கே ஒளிப்பது? மலையில் வெட்டி, ரோட்டில் ஓட்டி, எடைமேடையில் ஏற்றி, துறைமுகத்தில் குவித்து, கப்பலில் ஏற்றும் வரைக்கும் யாருமே எதையும் எழுதி வைக்கவில்லையா? எழுதி வைத்தார்கள். அதுவும் நாலைந்து இடத்தில் எழுதி வைத்தார்கள். வேடிக்கையே அதுதான்.

கொஞ்சம் பின்னாடி போவோம்.

பெல்லாரி ஒரு காலத்தில் மதராஸ் ராஜதானியைச் சேர்ந்த ஜில்லா. சண்டூர் தனி சமஸ்தானமாக இருந்து 1949-ல் மதராஸ் மாகாணத்தோடு சேர்ந்தது. 1953 அக்டோபர் 1, அதாவது ஆந்திரா தனியாகப் பிரிந்த அதே நாளில், பெல்லாரியின் பெரும்பகுதி மைசூருக்குப் போனது. அதற்கப்புறமும் நமக்கும் அந்த ஊருக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிடவில்லை. பெல்லாரி, ஹொஸ்பேட் தாது ரயிலேறி சென்னைத் துறைமுகத்துக்கு வந்து ஜப்பானுக்குக் கப்பல் ஏறியது. 1970-களில் அங்கே பாரதி டாக்கில் தாதுவை ஏற்றுவதற்கென்றே இயந்திர வசதி செய்தார்கள். ராயபுரம் பக்கம் சொந்தக்காரர்கள் இருப்பவர்களுக்கு அந்தத் தூசியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 2011-ல் சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாளுவதை நிறுத்தச் சொன்ன பிறகுதான் அது ஓய்ந்தது.

சரி, நோட்டுப் புத்தகங்களுக்கு வருவோம். 1957-ல் வந்த கனிமச் சட்டம் ஒரு வேலையைப் பல கைகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. இரும்புத் தாதுக்குக் குத்தகை கொடுப்பது மாநில அரசு, ஆனால் 2015 வரை அதற்கு மத்திய அரசின் முன் ஒப்புதல் வேண்டியிருந்தது. ராயல்டி எவ்வளவு என்று முடிவு செய்வது டெல்லி, வசூல் செய்துகொள்வது மாநிலம். சுரங்கத் திட்டத்தைப் பார்த்து ஒப்புதல் தருவது நாக்பூரில் இருக்கும் இந்திய சுரங்கப் பணியகம். காட்டு நிலம் என்றால் 1980-ம் வருட வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசு அனுமதி. லாரி காட்டை விட்டு வெளியே வர மாநில வனத்துறையின் பாஸ். தாதுவை எடுத்துப் போக மாநில சுரங்கத்துறையின் பர்மிட். ரயிலில் போனால் ரயில்வே ரசீது. கப்பலில் போனால் துறைமுகத்தின் பதிவேடு, சுங்கத்துறையின் ஷிப்பிங் பில்.

இத்தனை புத்தகம் இருந்தால் திருட்டு நடக்கவே முடியாது என்றுதான் தோன்றும். ஆனால் ஒவ்வொரு ஆபீஸும் தன் புத்தகத்தை எழுதி தன் பீரோவில் வைத்துப் பூட்டியது. பக்கத்து ஆபீஸ் பீரோவைத் திறந்து இரண்டையும் ஒத்துப் பார்ப்பது யாருடைய வேலையும் கிடையாது. எங்கள் தொழிலில் இதற்கு மேல் பெரிய ஓட்டை இல்லை. வங்கிக் கணக்கையும் கம்பெனியின் கணக்கையும் மாதாமாதம் ஒத்துப் பார்க்காத இடத்தில் கேஷியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நாங்கள் நம்ப மாட்டோம்.

ரொம்ப நாளைக்கு இதனால் பெரிய கேடு வரவில்லை, ஏனென்றால் தாதுக்கு விலையே இல்லை. 1993-ம் வருட தேசிய கனிமக் கொள்கை இரும்புத் தாது உட்பட 13 கனிமங்களைத் தனியாருக்குத் திறந்துவிட்டது. அதற்குப் பிறகும் பத்து வருடம் பெரிய பரபரப்பு இல்லை. 2003 வாக்கில் சீனா எஃகு ஆலைகளை வரிசையாகக் கட்ட ஆரம்பித்தது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் வேறு. யாரும் சீண்டாமல் குவித்து வைத்திருந்த தாதுத் தூளைக் கூட விலை கொடுத்து அள்ளிக்கொண்டு போனார்கள்.

இங்கே ஒரு கூத்தைச் சொல்லியே ஆகவேண்டும். 2009 ஆகஸ்ட் வரைக்கும் இரும்புத் தாதுக்கு ராயல்டி டன்னுக்கு இவ்வளவு என்று நிலையான தொகை. நல்ல தரமான கட்டித் தாதுக்கே 27 ரூபாய்தான், மற்றதெல்லாம் அதற்கும் கீழே. சந்தையில் டன் சில ஆயிரம் ரூபாய்க்கு விற்ற காலம் அது. 16 டன் லோடு ஒன்றை ஒழுங்காக, சட்டப்படி, பர்மிட் எடுத்துக்கொண்டு போயிருந்தாலும் அரசுக்குக் கிடைத்திருக்கக் கூடிய ராயல்டி அதிகபட்சம் 432 ரூபாய். பெங்களூரில் நாலு பேர் டிபன் சாப்பிடும் காசு! 2009-ல் அதை விற்பனை மதிப்பில் 10 சதவீதம் என்று மாற்றினார்கள், 2014-ல் 15 சதவீதம் ஆனது. திருட்டைப் பற்றிப் பேசும்போது இந்தச் சட்டபூர்வமான நஷ்டத்தை நாம் மறந்து விடுகிறோம். பர்மிட் இல்லாமல் போனது பேப்பரில் தலைப்புச் செய்தி ஆனது. 27 ரூபாய்க்குப் போனதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

திருட்டு நடந்த விதத்தில் பெரிய மூளை எதுவும் தேவைப்படவில்லை. ஒரே பர்மிட்டை வைத்து ஒன்றுக்கு மேல் ட்ரிப் ஓட்டுவது. பர்மிட்டில் இருக்கும் எடைக்கு மேல் ஏற்றுவது. குத்தகை எல்லையைத் தாண்டி வெட்டிவிட்டு, எல்லைக்குள் வெட்டியதாக எழுதுவது. எங்கேயோ எடுத்த தாதுக்கு வேறு ஒரு சுரங்கத்தின் பர்மிட்டைக் காட்டுவது. வழியில் சோதனைச் சாவடிகளைத் தொந்தரவு இல்லாமல் தாண்ட ஓர் ஏற்பாடு இருந்தது. அதற்குப் பெயரே 'ஜீரோ ரிஸ்க்' என்று லோக்ஆயுக்தா அறிக்கையில் வருகிறது. சாலைகள் நொறுங்கின. ரோட்டோரத்துப் பயிரெல்லாம் செம்மண் நிறத்துக்கு மாறியது. விவசாயிகள் புகார் கொடுத்தார்கள். தூசியைப் பற்றிய புகார் ஓர் ஆபீஸுக்கு, எடையைப் பற்றிய புகார் இன்னோர் ஆபீஸுக்கு, எல்லையைப் பற்றிய புகார் மூன்றாவது ஆபீஸுக்கு.

2007 மார்ச்சில் கர்நாடக அரசே இந்த விவகாரத்தை லோக்ஆயுக்தாவிடம் விசாரணைக்கு அனுப்பியது. கர்நாடகாவில் லோக்ஆயுக்தா சட்டம் 1984-லேயே வந்துவிட்டது. (நம்ம ஊரில் 2018 ஜூலையில்தான் சட்டம் வந்தது. முப்பத்து நாலு வருடம் லேட்.) முதல் அறிக்கை 2008 டிசம்பரில் வந்தது. இந்த விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் யு.வி. சிங் என்கிற வனத்துறை அதிகாரி. போலீஸ்காரர் இல்லை, வக்கீல் இல்லை. காட்டில் வேலை பார்த்த மனிதர்.

அந்தக் குழு செய்த வேலையைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். அவர்கள் எல்லா பீரோக்களையும் திறந்தார்கள். சுரங்கத்துறை எத்தனை டன்னுக்கு பர்மிட் கொடுத்தது, வனத்துறை எத்தனை டன்னுக்கு பாஸ் கொடுத்தது, துறைமுகங்களில் எவ்வளவு வந்து சேர்ந்தது, சுங்கத்துறை கணக்குப்படி எவ்வளவு கப்பல் ஏறியது. பேலேகேரி, மங்களூர், கோவா ஒரு பக்கம். கிருஷ்ணப்பட்டினம், சென்னை மறுபக்கம். எல்லாவற்றையும் எதிரெதிரே வைத்துக் கழித்துப் பார்த்தார்கள். ஒரு பக்கம் பர்மிட் கொடுத்த தாது, மறுபக்கம் ஏற்றுமதியான தாது. வித்தியாசம் 2.98 கோடி டன். இதில் ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் கிடையாது. எட்டாவது படிக்கும் பையன் போடுகிற கழித்தல் கணக்கு. ஆனால் அந்தக் கழித்தலைப் போட இரண்டு எண்களும் ஒரே மேசைக்கு வர வேண்டும். அப்படிக் கொண்டுவர ஒரு நீதிபதியின் அதிகாரம் தேவைப்பட்டது.

நடுவில் 2010-ல் பேலேகேரி கூத்து. வடகன்னடக் கடற்கரையில் இருக்கும் சின்னத் துறைமுகம் அது. அந்த வருடம் மார்ச்சில் அங்கே குவிந்திருந்த சுமார் 8 லட்சம் டன் தாதுவை அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். சில மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் காணோம். அரசாங்கம் பறிமுதல் செய்து வைத்திருந்த மலை கப்பலேறிப் போய்விட்டது! பறிமுதல் செய்த வனத்துறை அதிகாரியைச் சஸ்பெண்ட் செய்ய உத்தரவு வந்தது. அதை எதிர்த்து ஜூன் மாதம் சந்தோஷ் ஹெக்டே ராஜினாமா செய்தார், பிறகு ஜூலையில் வாபஸ் வாங்கினார். அதே ஜூலையில் மாநில அரசு தன் துறைமுகங்கள் வழியாக இரும்புத் தாது ஏற்றுமதியைத் தடை செய்தது. பேலேகேரி வழக்கில் 2024 அக்டோபரில் பெங்களூர் சிறப்பு நீதிமன்றம் ஒரு எம்எல்ஏ உட்பட சிலருக்கு ஏழு வருட சிறைத் தண்டனை கொடுத்தது. அடுத்த மாதமே உயர்நீதிமன்றம் எம்எல்ஏவின் தண்டனையை நிறுத்தி வைத்தது.

2011 அறிக்கை வந்த நாலாவது நாள் முதல்வர் எடியூரப்பா பதவி விலகினார். (அவர் மீதான லஞ்ச வழக்கில் 2016-ல் சிபிஐ நீதிமன்றம் அவரை விடுவித்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.) பேப்பர்களில் அரசியல்தான் பக்கம் பக்கமாக வந்தது. எனக்கு அதைவிடப் பெரியதாகத் தோன்றுவது உச்ச நீதிமன்றத்தில் நடந்தது. தார்வாடைச் சேர்ந்த சமாஜ பரிவர்த்தன சமுதாயா என்ற அமைப்பு, எஸ்.ஆர். ஹிரேமட் முன்னின்று நடத்தியது, 2009-ல் பொதுநல வழக்குப் போட்டிருந்தது. 2011 ஜூலை 29-ல் பெல்லாரி மாவட்டம் முழுக்கச் சுரங்க வேலையை நிறுத்தியது நீதிமன்றம். ஆகஸ்டில் சித்ரதுர்கா, தும்கூர் மாவட்டங்களுக்கும் அதே உத்தரவு.

நல்லது செய்தவனையும் கெட்டது செய்தவனையும் ஒரே அடியாக நிறுத்தினால் நியாயமா என்று அப்போது நிறைய பேர் கேட்டார்கள். கடன் வாங்கி லாரி வாங்கியவன் தவணை கட்ட முடியாமல் நின்றான். தினக்கூலிக்காரன் ஊரை விட்டுப் போனான். அந்தக் கேள்வியை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். ஆனால் எவன் நல்லவன் என்று பிரித்துச் சொல்ல அன்றைக்கு எந்த ஆபீஸிலும் நம்பகமான ஒரு வரைபடம்கூட இல்லை. குத்தகைப் படங்கள் ஒன்றோடு ஒன்று பொருந்தவில்லை. கர்நாடக-ஆந்திர எல்லையே தகராறில் இருந்தது. அதைத் தீர்க்க 1896-ம் வருடத்து, மதராஸ் அரசு காலத்துக் காட்டு எல்லை அளவையைத் தூசி தட்டி எடுக்க வேண்டியிருந்தது. குத்தகையின் எல்லை எங்கே என்று தெரியாமல், எல்லையைத் தாண்டினானா இல்லையா என்று எப்படிச் சொல்வது?

ஆகவே நீதிமன்றம் முதலில் அளக்கச் சொன்னது. மத்திய அதிகாரக் குழுவின் மேற்பார்வையில் ஒவ்வொரு குத்தகையாக அளந்தார்கள். மொத்தம் 166. தவறு இல்லாதவையும் மிகக் குறைந்த தவறு உள்ளவையும் 'ஏ' பிரிவு, 45. எல்லை தாண்டியது ஓர் அளவுக்குள் இருந்தவை 'பி' பிரிவு, 72. மற்ற 49 'சி' பிரிவு. 2013 ஏப்ரல் 18 தீர்ப்பில் 'சி' பிரிவுக் குத்தகைகள் ரத்தாயின. மற்றவை அபராதம் கட்டி, நிலத்தைச் சீர்ப்படுத்தும் திட்டம் கொடுத்த பிறகுதான் திறக்க முடியும். மூன்று மாவட்டமும் சேர்ந்து வருடத்துக்கு 3 கோடி டன்னுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று உச்சவரம்பும் வந்தது. தாதுவை விற்பது கண்காணிப்புக் குழுவின் மின்னணு ஏலம் மூலமாக மட்டும். யார் வாங்கினார், என்ன விலை என்பது முதல் தடவையாக எல்லோர் கண்ணுக்கும் முன்னால் நடந்தது. பதினோரு வருடம் கழித்து 2022-ல் ஏலக் கட்டாயத்தையும் ஏற்றுமதித் தடையையும் நீதிமன்றம் விலக்கியது. உச்சவரம்பும் 5 கோடி டன்னாக உயர்ந்தது.

பெல்லாரியோடு முடியவில்லை. கோவா, ஒடிசா விவகாரங்கள் நீதிபதி ஷா கமிஷன் வழியாக வெளியே வந்தன. நிலக்கரியில் 2014 செப்டம்பரில் 204 ஒதுக்கீடுகளை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நம்ம மதுரை கிரானைட் விவகாரத்தில் சகாயம் அறிக்கை 2015-ல் வந்தது. இவற்றை எல்லாம் எழுதினால் இந்தப் பதிவு முடியாது.

இதற்கெல்லாம் அப்புறம் என்ன மாறியது? கணக்கு ஒத்துப்பார்ப்பதில் நிறையவே மாறியிருக்கிறது. 2011 பிப்ரவரியில் விதியைத் திருத்தி, சுரங்கக்காரர் மட்டுமல்ல, வியாபாரி, ஸ்டாக் வைப்பவர், ஏற்றுமதியாளர், ஆலைக்காரர் எல்லோரும் சுரங்கப் பணியகத்தில் பதிவு செய்து கணக்குக் கொடுக்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். விற்றவன் எழுதியதை வாங்கியவன் எழுதியதோடு ஒப்பிடலாம். கர்நாடகா பர்மிட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியது. 2015-ல் சட்டத்தைத் திருத்தி, குத்தகை ஏலத்தில் மட்டுமே என்று ஆக்கினார்கள். 2016 அக்டோபரிலிருந்து குத்தகை எல்லையைச் சுற்றி 500 மீட்டர் வரை செயற்கைக்கோள் படத்தில் பார்க்கிறார்கள். இந்த ஏற்பாடுகளைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. 2006-ல் இவை இருந்திருந்தால் 18 லட்சம் லோடு போயிருக்காது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பீரோக்கள் எல்லாம் ஒன்றாகி ஒரே பெரிய பீரோ ஆகியிருக்கிறது. சாவி இன்னும் ஆபீஸில்தான். சண்டூர் பக்கத்துக் கிராமத்தில் இருப்பவருக்கு, தன் வீட்டு வாசலில் தூசி கிளப்பிக்கொண்டு போன லாரிகள் இன்றைக்கு எத்தனை டன் கொண்டுபோயின என்று தன் மொழியில் படித்துப் பார்க்க வழி சுலபமாக இல்லை. 2015 திருத்தத்தில் மாவட்ட கனிம நிதி என்று ஒன்று வந்தது. பழைய குத்தகை என்றால் ராயல்டியில் 30 சதவீதத்துக்குச் சமமான தொகை, ஏலத்தில் எடுத்தது என்றால் 10 சதவீதம், பாதிக்கப்பட்ட ஊர்களுக்காகச் சுரங்கக்காரர் கட்ட வேண்டும். நல்ல யோசனை. ஆனால் அதை எதற்குச் செலவழிப்பது என்பதில் கலெக்டர் சொல்தான் பெரும்பாலும் எடுபடுகிறது. கர்நாடகாவில் சுரங்கத்தால் கெட்ட ஊர்களைச் சீர்ப்படுத்த 2014-ல் ஒரு தனிக் கழகம் தொடங்கினார்கள். சுமார் 25,000 கோடி ரூபாய் திட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது 2022 ஏப்ரலில். அதற்குள் தூசியில் பிறந்த குழந்தை ஹைஸ்கூல் போயிருக்கும்.

1994 டிசம்பரில் ராஜஸ்தானில் கோட்கிரானா என்ற ஊரில், மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் ஆட்கள் அரசு வேலைகளின் கூலிப் பட்டியலை ஊர் நடுவில் சத்தமாக வாசித்தார்கள். வேலைக்கே போகாதவர் பெயரெல்லாம் அதில் இருந்தது. ஊரே எழுந்து நின்று பொய் என்றது. 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டத்தின் வேர் அங்கேதான். எனக்குத் தெரிந்து சிறந்த தணிக்கை அதுதான். செயற்கைக்கோளுக்குக் குழி தெரியும், லாரி நம்பர் தெரியாது. டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு அது தெரியும். உலக அளவில் எண்ணெய், சுரங்கப் பணத்தை வெளிப்படையாக வைக்க ஒரு கூட்டமைப்பு 2003 வாக்கில் தொடங்கியது. கம்பெனி கட்டியதையும் அரசு வாங்கியதையும் தனித்தனியாகக் கேட்டு, ஒப்பிட்டு, வெளியிடுவார்கள். அதை நடைமுறைப்படுத்தும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை.

மதுரைக்காரர்களுக்கு இது தூரத்துக் கதையாகத் தோன்றாது. 2024 நவம்பரில் மேலூர் பக்கம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத்தை மத்திய அரசு ஏலம் விட்டது. இணையத்தில் அறிவிப்பு, போட்டி ஏலம், வென்றவர் பெயர் வெளியீடு, எல்லாம் முறைப்படி, வெளிப்படையாக. அரிட்டாபட்டிக்காரர்கள் திரண்டு எழுந்தது ஏலம் முடிந்த பிறகு. யார் எப்போது ஆட்சேபித்தார்கள் என்று மத்திய அரசும் மாநில அரசும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டன. சட்டசபை தீர்மானம் போட்டது, ஊர்க்காரர்கள் மதுரைக்கு ஊர்வலம் வந்தார்கள், 2025 ஜனவரி 23-ல் ஏலம் ரத்தானது.

சுரங்கம் வருவதற்கு முன்னால் ஊர்க்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்கும் பொது விசாரணையை 1997-ல் கட்டாயமாக்கினார்கள். குறைகள் ஆயிரம் இருந்தாலும், பீரோவுக்கு வெளியே இருப்பவர் பேசுவதற்கு இருந்த ஒரே மேடை அது. 2025 செப்டம்பரில் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் உத்தரவு போட்டது. அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்கள் என்று பட்டியலிட்டவற்றுக்குச் சுரங்கம் தோண்ட இனி அந்த விசாரணை தேவையில்லை. இரும்புத் தாது அந்தப் பட்டியலில் இல்லை. டங்ஸ்டன் இருக்கிறது.